ஈரக்காற்றில் ஒப்பினெல் 8: பீடோரில் ஆறு வாரம்

மடக்குக் கத்தி வாங்குகிறவர்கள் முதலில் அலகைத்தான் பார்க்கிறார்கள். எந்த எஃகு, தாளை வழுக்கிக்கொண்டு வெட்டுமா, கை மயிரைச் சிரைக்குமா என்று கேள்விகள் எல்லாம் அங்கேயே சுற்றும். மழை விட்டும் தூவானம் விடாத, மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பீடோர் மாதிரித் தோட்டப் பட்டணத்தில் கத்தி முதலில் மக்கர் செய்வது அலகில் இல்லை, மடிப்பில். அதனால் இந்தப் பதிவில் பாதிக்கு மேல் மடிப்பைப் பற்றியதுதான்.

கத்தி: ஒப்பினெல் எண் 8, கார்பன் எஃகு, பீச் மரப்பிடி. அலகு 8.5 செ.மீ. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-இல் தொடங்கிய வடிவம். கழுத்தில் உள்ள பூட்டு வளையம் 1955-இல் சேர்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே ஒரு விக்டோரினாக்ஸ் கேடட்: மடித்த நீளம் 84 மி.மீ., அலுமினியப் பிடி, துருப்பிடிக்காத எஃகு.

முதல் நாள்

பிடியின் வெளிப்புறத்துக்கு வார்னிஷ் உண்டு. அலகு மடிந்து உட்காரும் பிளவுக்குள் அது சரியாகப் போவதில்லை. அந்தப் பச்சை மரம் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து ஊதி, அலகின் அடியை இரண்டு பக்கமும் நெருக்குகிறது. டிசம்பர் மழையில் நகக்குறியில் நகம் வைத்து இழுத்தால் நகம்தான் வரும், அலகு வராது. சவோய்க்காரர்களிடம் இதற்கு ஒரு வித்தை இருக்கிறது: பிடியின் பின்கோடியை மேசை விளிம்பில் ஓங்கித் தட்டினால் அலகு சற்று வெளியே எட்டிப்பார்க்கும். அவசரத்துக்கு உதவும், நோய்க்கு மருந்தில்லை.

முதல் வேலை உலர்த்தல். மூடி இறுகிய டப்பாவில் பத்துப் பன்னிரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு நாள் வைத்தால் போதும். அரிசி டப்பா வேண்டாம், நம் ஊர் அரிசியே ஈரமாகத்தான் இருக்கிறது. வெயிலில் காயப்போட்டாலும் அடுப்பில் வாட்டினாலும் பிடி வெடிக்கும்.

மூன்றாம் நாள்

எங்கே இடிக்கிறது என்று தெரியாமல் உப்புத்தாள் போடக்கூடாது. அலகின் அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் பென்சில் கரியை அழுத்திப் பூசி, பத்து முறை திறந்து மூடவும். டார்ச் அடித்துப் பிளவுக்குள் பார்த்தால் கரி ஒட்டிய இடம் தெரியும். பெரும்பாலும் அது அலகு சுழலும் ஆணிக்குச் சற்றுக் கீழே, ஒரே பக்கத்தில் இருக்கும்.

ஐஸ்கிரீம் குச்சியில் 240 எண் உப்புத்தாளைச் சுற்றி, கரி ஒட்டிய இடத்தில் மட்டும் பத்து இழுப்பு இழுத்து, தட்டித் தூசு போக்கித் திறந்து பார்க்கவும். போதாவிட்டால் இன்னொரு பத்து. இதில் பொறுமை தவறியவர்களின் கத்தியை எடுத்தவுடனே கண்டுகொள்ளலாம்: அலகு இடமும் வலமும் ஆடும். தேய்த்த மரம் திரும்ப வராது. வறண்ட நாளில் ‘கொஞ்சம் இறுக்கம்’ என்று தோன்றும்போதே நிறுத்துவதும் சரியில்லை, மழை நாளில் அது கூடும். ஒரு விரல் நகத்தால் சிரமமில்லாமல் திறக்கிற அளவுக்கு வந்தால் போதும்.

வளையத்தைக் கழற்றினால் வேலை சுலபம்தான். ஆனால் சர்க்ளிப் பிளையரால் (வளையம் விரிக்கும் இடுக்கி) அதை அதிகமாக விரித்துவிட்டால் பிறகு கழுத்தைப் பிடிக்காது. முதல் முறை செய்கிறவர் கழற்றாமலே செய்யலாம்.

அடுத்தது ஈரம் தடுக்கும் பூச்சு. பட்டாணியளவு வாசலினைப் பிளவுக்குள் தள்ளி, தலைமுடி உலர்த்தும் மெஷினால் இரண்டு நிமிடம் சூடு காட்டினால் மரம் உறிஞ்சிக்கொள்ளும். மூன்று முறை செய்தபின் மிச்சத்தைத் துடைக்கவும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் ஊற்றுகிறவர்கள் உண்டு. அது காயவே காயாது, நாளடைவில் சிக்கு வாடை வீசும். நல்லெண்ணெய் பிசினாகி மடிப்பையே ஒட்டவைக்கும். காய்கிற எண்ணெய் வேண்டுமென்றால் ஆளிவிதை எண்ணெய்தான். மெல்லிய பூச்சாக மூன்று, நம் காற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயவிட்டு, நனைத்தபின் எறியவும்.

இரண்டாம் வாரம்

கார்பன் அலகுக்குக் கருமை ஏற்றினோம். சிவப்புத் துரு பொருக்குப் பொருக்காக எழும்பி, ஈரத்தை உள்ளே பிடித்துவைத்து மேலும் அரிக்கும். கறுப்புப் படலம் அப்படியில்லை. எஃகோடு ஒட்டிக்கிடந்து ஓரளவு காக்கும். பாத்திரச் சோப்பில் அலகைக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, வெதுவெதுப்பான வினிகரில் அலகை மட்டும் பத்து நிமிடம் நிறுத்தவும். எடுத்துத் துடைத்து மறுபடி பத்து நிமிடம். கடைசியில் சமையல் சோடா கரைத்த நீரில் அலசவேண்டும், இல்லாவிட்டால் மிஞ்சிய புளிப்பு இரவோடு இரவாகச் சிவப்பாக்கிவிடும். விரல் எண்ணெய் பட்ட இடம் வெள்ளைத் திட்டாக நிற்கும். அது அழகுக் குறைதான், கோளாறில்லை.

கருமை ஏற்றாத புது அலகால் கொய்யா அறுத்தால் துண்டில் இரும்பு வாடை ஏறும். பீடோரில் கொய்யாக் கடைகளுக்குப் பஞ்சமில்லை, எனவே இது சின்ன விஷயமும் இல்லை.

நான்காம் வாரம்

பலாப்பழப் பால் அலகில் ஒட்டினால் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள், பரவும். தேங்காய் எண்ணெய் தொட்ட தாளால் வழித்தால் வந்துவிடும். கித்தாப் பால் (ரப்பர் பால்) என்றால் காயவிட்டு விரலால் உருட்டினாலே தோலாக உரியும்.

உண்மையான எதிரி உரச்சாக்கு. செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு, அதாவது உப்பின் உறவுக்காரன். சாக்கைக் கிழித்த கத்தியை அப்படியே மடக்கிப் பையில் போட்டால், கார்பன் அலகு சிவக்கும். துருப்பிடிக்காதது என்று நம்பிய கேடட்டிலும் ஊசி முனையளவு குழி விழலாம். உடனே நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, திறந்தபடியே காயவிடவும். கேடட்டை வெதுவெதுப்பான நீருக்குள் வைத்துப் பலமுறை திறந்து மூடி, காய்ந்தபின் மடிப்பில் ஒரு சொட்டு எண்ணெய் விடவும். பழத்தில் படுகிற கத்திக்கு உணவுக்கு ஏற்ற மினரல் எண்ணெய்தான், தையல் மெஷின் எண்ணெய் கூடாது.

கேடட்டுக்குப் பூட்டு கிடையாது. நுனியால் குத்தித் துளைபோடும் வேலைக்கு எடுத்தால் அலகு விரல் மேல் மடங்கும். ஒப்பினெலிலோ பூட்டு இருப்பதை மறப்பதுதான் ஆபத்து. “அண்ணே, கத்தி கொஞ்சம் கொடுங்க” என்று யாராவது கேட்டால், கொடுக்கும்போதே “வளையத்தைத் திருப்பிட்டு மூடு தம்பி” என்று சொல்லிவிடுவது நல்லது. பூட்டியதை அழுத்தி மூடப் பார்த்தால் கழுத்து மரம் பிளக்கும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. மலேசியாவின் 1958-ஆம் ஆண்டு அபாயகர ஆயுதச் சட்டப்படி, தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது குற்றம், சிறையும் பிரம்படியும் உண்டு. பொத்தானை அழுத்தினால் பாயும் கத்தியை வைத்திருப்பதே தவறு. வேலைக்குப் போகும்போது பையில் இருக்கட்டும். கோயில் திருவிழாவுக்கும் பந்து விளையாட்டுக்கும் போகும்போது வீட்டில் இருக்கட்டும்.

ஆறாம் வாரம்

தீட்டல். ரப்பர் மரம் சீவும் குடும்பங்களில் பழைய தீட்டுக்கல் ஒன்று கிடக்கும். அருமையான கல்தான், ஆனால் வருடக்கணக்காகத் தேய்ந்து நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். நேர் அலகை அதில் தீட்டினால் கோணம் ஓரிடத்தில் நிற்காது. கண்ணாடித் துண்டின் மேல் 220 எண் ஈர உப்புத்தாளை விரித்து, கல்லில் பென்சிலால் கட்டம் போட்டு, கோடெல்லாம் அழியும்வரை தேய்த்தால் சமமாகிவிடும்.

கோணத்துக்குக் கணக்கு: அலகின் அகலம் 2 செ.மீ. என்றால், முதுகு கல்லிலிருந்து 7 மி.மீ. உயர்ந்து நின்றால் 20 பாகை, 5 மி.மீ. நின்றால் 15. பழத்துக்கு 15 இனிக்கும், சாக்கும் அட்டைப்பெட்டியும் அறுப்பவர்கள் 20-இல் நிற்கலாம். வெட்டும் விளிம்பில் மார்க்கர் மை பூசி இரண்டு இழுப்பு இழுத்தால், மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. 1000 எண் கல்லில் ஒரு பக்கம் தீட்ட, மறுபக்கம் நுனி முதல் அடிவரை மெல்லிய எஃகுப் பிசிர் எழவேண்டும், கட்டைவிரலைக் குறுக்கே வருடினால் தட்டுப்படும். பிசிர் எழும் முன்னே பக்கம் மாற்றுவதால்தான் பலருக்குக் கூர் வருவதில்லை. பிறகு 3000, கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இருபது இழுப்பு.

ஏழாம் வாரத்துக்கு மிச்சம் ஒன்று: ஆணியைச் சுற்றி, வினிகர் எட்டாத இடத்தில் கடுகளவு சிவப்பு தெரிகிறது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுவைத்துப் பார்க்கவேண்டும்.