எல்ட்ரிச் ஹாரரும் அதன் நீண்ட இரவும்

கூட்டாக ஆடும் திகில் பலகை விளையாட்டுகளில் நான் அதிகம் விரும்புவது 2013இல் ஃபேன்டஸி ஃபிளைட் கேம்ஸ் வெளியிட்ட எல்ட்ரிச் ஹாரர். ஒருவர் முதல் எட்டுப் பேர் வரை ஆடலாம். ஆட்ட நேரம் 2 முதல் 4 மணி என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். எட்டுப் பேர் அமர்ந்தால் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு புலனாய்வாளரும், அதாவது ஒவ்வோர் ஆட்டக்காரரின் பாத்திரமும், இரண்டு செயல்களைச் செய்து, பிறகு தாம் நிற்கும் இடத்துக்குரிய அட்டையை எடுத்து, கதையைப் படித்து, பகடை உருட்டி, வெற்றிக்குரிய 5 அல்லது 6 விழுந்ததா என்று பார்த்து, விளைவையும் படிக்க வேண்டும். அதன் பின்னரே, அந்தச் சுற்றின் கேடுகளை அறிவிக்கும் பொதுவான மித்தோஸ் அட்டை திறக்கப்பட்டு, உலக வரைபடத்தில் வேற்றுலக வாயில்களும் அரக்கர்களும் பெருகும். ஆள் கூடக்கூடக் காத்திருப்பும் கூடுகிறது. தவிர, எதிரி பலகையே என்பதால் ஒவ்வொரு நகர்வும் பொதுக்குழுத் தீர்மானம் போல விவாதிக்கப்படுகிறது. அனுபவசாலி ஒருவர் எல்லோருக்குமாக முடிவெடுக்கத் தொடங்கினால் ஆட்டம் விரையும். ஆனால் மற்றவர்கள் பகடை உருட்டும் கைகளாக மட்டுமே எஞ்சுவார்கள்.

ஆயினும் இந்த நீளத்தைக் குறையென்று ஒதுக்க எனக்கு மனமில்லை. உறங்கும் பேரரக்கக் கடவுளான அசதோத் விழிப்பதற்கான அழிவு எண் 15இலிருந்து பூச்சியத்தை நோக்கி மெல்ல இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில்தான் அச்சமே இருக்கிறது. கடன்பட்டும், சாபம் பெற்றும், மனம் குலைந்தும் தள்ளாடும் ஒரு பாத்திரத்தின்மேல் அரை மணி நேர ஆட்டத்தில் இவ்வளவு பற்றுப் பிறப்பதில்லை. மூன்று அல்லது நான்கு பேராக ஆடுங்கள். அவர்களில் விதிகளை அறியாதவர் ஒருவருக்கு மேல் வேண்டாம்.