வால் எலும்புக்கு முன்னாடி ஒளிஞ்சிருந்த கட்டி: எங்க பாப்பாவுக்கு நடந்தது

போன வெள்ளிக்கிழமை பாப்பாவோட ஏ.எஃப்.பி (கட்டி திரும்ப வருதான்னு பாக்கற ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட் வந்துச்சு, 3.1, நார்மல். ஆபரேஷன் முடிஞ்சு ஆறாவது மாசம். இப்பதான் உக்காந்து எழுதவே தெம்பு வந்திருக்கு. சின்னக் குழந்தைங்களுக்கு வர்ற ஜெர்ம் செல் ட்யூமர் (முட்டை, விந்து ஆக வேண்டிய செல்லுல இருந்து வர்ற கட்டி) பத்தி ராத்திரி ராத்திரியா தமிழ்ல தேடினேன், எனக்கு உதவுற மாதிரி ஒண்ணும் கையில சிக்கல. அதனால நாங்க எங்கெங்க அலைஞ்சோம், எதுல ஏமாந்தோம்னு எழுதி வெக்கிறேன், யாராவது ஒரு அம்மாவுக்கு ஒரு நாள் அலைச்சல் மிச்சமானாலும் போதும்.

பாப்பாவுக்கு அப்போ 14 மாசம். வெளிக்கிப் போக முக்குவா, முகமெல்லாம் செவந்துடும், அழுவா. வியாசர்பாடியில எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு கிளினிக், அங்க மலச்சிக்கல்னு சிரப் குடுத்தாங்க. அது தீர்ந்ததும் இன்னொண்ணு. உலர் திராட்சை ஊற வெச்ச தண்ணி, வாழைப்பழம், எல்லாம் பண்ணியாச்சு. எங்க அத்தை வெத்தலைக் காம்புல விளக்கெண்ணெய் தடவி வெச்சாங்க, நாங்கெல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம். இப்படியே ரெண்டு மாசம் போச்சு. கடைசி ஒரு வாரம் மலம் நாடா மாதிரி தட்டையா வந்துச்சு, அதையும் சொன்னேன், பால் குறைங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அந்த ரெண்டு மாசத்துல ஒருத்தரும் டயப்பரைக் கழட்டிப் பாக்கல. இத நினைச்சா இன்னைக்கும் வயிறு எரியுது.

ஒரு நாள் சாயங்காலத்துல இருந்து ஒண்ணுக்கே போகல, அடிவயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு, ராத்திரி 2 மணிக்கு ஆட்டோ பிடிச்சு ஒரு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு ஓடினோம். ட்யூப் போட்டு யூரின் எடுத்தாங்க. ட்யூட்டியில இருந்த சின்ன வயசு டாக்டரம்மா கிளவுஸ் போட்டு, சுண்டுவிரல்ல ஜெல்லி தடவி, மலவாய் வழியா மெதுவா பாத்தாங்க. அரை நிமிஷம்கூட ஆகல. கையை எடுத்துட்டு என்னை நேரா பாத்து, "அம்மா, உள்ள ஒரு கட்டி தட்டுது, காலையில ஸ்கேன் எடுத்துடலாம்"னாங்க. மலச்சிக்கல் வாரக்கணக்குல விடலன்னா, கூடவே யூரினும் அடைக்குதுன்னா, தயவுசெஞ்சு இந்த ஒரு பரிசோதனைய வாய்விட்டுக் கேளுங்க, வெக்கப்படாதீங்க.

இந்தக் கட்டி நிறைய குழந்தைங்களுக்குப் பிறக்கும்போதே புட்டத்துகிட்ட வெளிய தெரியுமாம். எங்களுக்கு வந்தது நாலாவது டைப், முழுசா உள்ளயே, வால் எலும்புக்கும் மலக்குடலுக்கும் நடுவுல, வெளிய ஒரு துளி வீக்கம் இல்ல. கருவுல இருக்கும்போது முட்டையாவோ விந்தாவோ மாற வேண்டிய செல்லுங்க உடம்போட நடுக்கோட்டு வழியா அதோட இடத்துக்குப் போகுமாம், சிலது வழியிலயே தங்கிட்டா பின்னாடி கட்டியாகலாம், அதனாலதான் வால் எலும்பு, வயிறு, நெஞ்சு, மூளைன்னு நடுக்கோட்டுலயே வருதுன்னு கேன்சர் டாக்டர் சீட்டுக்குப் பின்னாடி படம் போட்டுச் சொன்னார். கர்ப்பத்துல நீ சாப்பிட்டதோ பண்ணினதோ எதுவும் காரணம் இல்லம்மான்னு அவரே சொன்னார், நான் கேக்காமலே. அங்கதான் நான் மொத தடவையா அழுதேன்.

இனிமே ஏ.எஃப்.பி கதை. இது ஒரு ரத்தப் பரிசோதனை. எங்களுக்கு வந்த யோக் சாக் ட்யூமர்ங்கிற கேன்சர் வகை இந்தப் புரதத்தைச் சுரக்கும், அதனால நோய் இருக்கா, மருந்து வேலை செய்யுதா எல்லாம் இந்த நம்பர்லதான் தெரியும். மொத லேப்ல "1000-க்கு மேல்"னு அடிச்சுக் குடுத்துட்டாங்க. டாக்டர் பாத்துட்டு, எத்தனைன்னு சரியான நம்பர் வேணும், இல்லன்னா அடுத்த தடவை குறைஞ்சுதான்னு எப்படித் தெரியும்னு கேட்டார். திரும்ப லேபுக்குப் போனா கவுண்டர்ல இருந்தவர் மெஷின் அவ்வளவுதான் காட்டும்னு ரிப்போர்ட்டைத் தள்ளி விட்டார். அப்புறம் வேற லேப்ல திரும்பவும் குழந்தையக் குத்தி எடுத்தோம், அங்க சாம்பிளை டைல்யூட் பண்ணி, அதாவது நீர்க்க வெச்சுப் பாத்து 18,400னு குடுத்தாங்க. சாம்பிள் குடுக்கும்போதே டைல்யூஷன் பண்ணி முழு நம்பர் தருவீங்களான்னு கேட்டுடுங்க.

இன்னொண்ணு, ரிப்போர்ட்ல பக்கத்துல போட்டிருக்கற நார்மல் அளவு பெரியவங்களுக்கானது. பிறந்த குழந்தைக்கு இது இயற்கையாவே ஆயிரக்கணக்குல இருக்கும், குறைஞ்சு குறைஞ்சு ஒரு வயசு வாக்குலதான் நம்ம அளவுக்கு வரும். வார்டுல ரெண்டு மாசக் குழந்தையோட இருந்த ஒரு பொண்ணு ரிப்போர்ட்ல அதிகம்னு தடிச்ச எழுத்துல இருந்ததப் பாத்துட்டு ராத்திரி முழுக்கச் சாப்பிடாம உக்காந்திருந்துச்சு, காலையில டாக்டர் வந்து இந்த வயசுக்கு இது சரிதான்னு சொன்னார்.

எம்.ஆர்.ஐ-க்கு ஒரு தடவை வீணா போனோம். மயக்கம் குடுத்துதான் எடுக்கணும், வெறும் வயிறுன்னு மட்டும் சொன்னாங்க. தாய்ப்பால் குடுக்கலாம்னு நினைச்சு கிளம்பறதுக்கு முன்னாடி குடுத்துட்டேன், அங்க போனதும் இன்னைக்கு முடியாதுன்னுட்டாங்க. எங்க ஆஸ்பத்திரி கணக்கு: பசும்பால், பவுடர் பால் 6 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், தண்ணி 2 மணி நேரம். நீங்க போற இடத்துல எழுதியே வாங்கிக்குங்க. சளி, இருமல் இருந்தா மொத நாளே போன் பண்ணிடுங்க.

பயாப்ஸி, அதான் கட்டியில இருந்து சின்னத் துண்டு எடுத்துப் பாக்கறது, மொத ஆஸ்பத்திரியிலயே எடுத்தாச்சு, ட்ரீட்மென்டுக்கு வேற இடம் மாறினோம். புது இடத்துல ரிப்போர்ட் பேப்பர் பத்தாது, அந்தத் துண்டோட ஸ்லைடும், அதை மெழுகுல பதிச்சு வெச்சிருக்கற பிளாக்கும் வேணும்னாங்க. பழைய இடத்துக்குப் போனா லெட்டர் இல்லாம தர மாட்டோம்னாங்க. லெட்டரோட போனா பிளாக் தர்றவர் சாப்பிடப் போயிட்டார். மறுபடி போனா பணம் கட்டற கவுண்டர் மூடியாச்சு. மூணு நாள், ஐப்பசி மழையில, பாரிமுனைக்கும் அந்த ஆஸ்பத்திரிக்குமா எங்க வீட்டுக்காரர் லீவு போட்டு அலைஞ்சார். மூணாவது நாள் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர்ல ரெண்டு பிளாக்கைக் குடுத்தாங்க, அதை சட்டைக்குள்ள வெச்சு நனையாம கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி மாறுறதா இருந்தா டிஸ்சார்ஜ் அன்னைக்கே லெட்டர் எழுதிக் குடுத்து பிளாக், ஸ்லைடு, ஸ்கேன் சி.டி எல்லாத்தையும் கையோட வாங்கிடுங்க.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு அடுத்த அலைச்சல். ரேஷன் கார்டுல பாப்பா பேரு சேக்கல. சேக்கப் போனா பிறப்புச் சான்றிதழ்ல பேரே இல்ல, "பெண் குழந்தை"ன்னுதான் இருக்கு. ஒரு வயசுக்குள்ள பேர் பதிஞ்சிருந்தா சுலபமா முடிஞ்சிருக்கும், நாங்க நாளைக்கு நாளைக்குன்னு விட்டுட்டோம். ஒரு ஆபீஸ்ல ஃபார்மையே வாங்காம நாளைக்கு வாங்கன்னாங்க, ரெண்டு நாள். மூணாவது நாள் ஆஸ்பத்திரி லெட்டரைக் காட்டி நான் நகரவே மாட்டேன்னு நின்னேன், உள்ள இருந்த ஒரு அம்மா எழுந்து வந்து பதினஞ்சு நிமிஷத்துல முடிச்சுக் குடுத்தாங்க. வருமானச் சான்று, ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ்ல கார்டு, அதெல்லாம் ஒரே வாரத்துல ஆச்சு. வீட்ல கைக்குழந்தை இருந்தா இன்னைக்கே பேர் பதிஞ்சு ரேஷன் கார்டுலயும் ஏத்திடுங்க. செலவைப் பாத்துத் தயங்கறவங்க எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை, அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், ரெண்டு இடத்துலயும் குழந்தைங்க கேன்சருக்கு ட்ரீட்மென்ட் உண்டு, போய்க் கேளுங்க.

கீமோ கார்போபிளாட்டின், எட்டோபோசைட், பிளியோமைசின், மூணு வாரத்துக்கு ஒரு தடவை, நாலு தடவை. முடி கொட்டுச்சு, ரத்தம் ஏத்தினாங்க, ஒரு தடவை ராத்திரி 101 ஜுரம். 100.4 தொட்டாலே பாராசிட்டமால் குடுத்துட்டு வீட்ல காத்திருக்காம நேரா வார்டுக்கு வரச் சொல்லியிருந்தாங்க, வந்தோம், ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் ஏறிடுச்சு. அப்புறம் முக்கியமா, வெள்ளணு குறைஞ்சிருக்கும்போது மலவாய்ல எதுவுமே வெக்கக் கூடாது, எனிமா கூடாது, தெர்மாமீட்டர் கூடாது, வெத்தலைக் காம்பும் கூடாது. நர்ஸ் சொன்னதும் அத்தை அப்படியே சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டாங்க. அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, நீங்க வெச்சப்போ கீமோவே இல்லத்தே, உங்களால ஒண்ணும் ஆகலன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ.

நம்பர் 18,400, அப்புறம் 2,650, அப்புறம் 340னு இறங்கிட்டே வந்துச்சு. மூணாவது கீமோவுக்கு அப்புறம் மழைன்னு வீட்டுப் பக்கத்து லேப்ல பாத்தேன், 42. ரெண்டு நாள் கழிச்சு ஆஸ்பத்திரியில 44. ஏறுதுன்னு கை காலெல்லாம் உதறிப் போச்சு. டாக்டர் ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல வெச்சு நம்பருக்குப் பின்னாடி இருக்கற யூனிட்டைக் காட்டினார், அந்த லேப் குடுத்தது ஐ.யூ, இங்க குடுத்தது நானோகிராம். ஒரு ஐ.யூ கிட்டத்தட்ட 1.21 நானோகிராம், அப்படின்னா அந்த 42 உண்மையில 51, இறங்கித்தான் இருக்கு. மெஷினுக்கு மெஷினும் மாறும்னார். அன்னையில இருந்து ஒரே லேப்தான்.

ஆபரேஷன் அஞ்சு மணி நேரம். கட்டியோட வால் எலும்பையும் எடுத்தாங்க, அதை விட்டு வெச்சா திரும்ப வர வாய்ப்பு அதிகமாம். அது இல்லாம பாப்பா நல்லாவே உக்காருறா, ஓடுறா. மயக்க டாக்டர்கிட்ட பிளியோமைசின் போட்டிருக்குன்னு நானே சொன்னேன், ஆக்சிஜன் அளவை அதுக்கேத்த மாதிரி வெக்கணுமாம், சொன்னது நல்லதும்மான்னார். காது கேக்கறதுக்கு பெரா டெஸ்ட் எடுத்தோம், ரெண்டு காதும் நல்லா இருக்கு.

மாசா மாசம் ரத்தம் எடுக்கணும். காலையில 7 மணிக்கே போயிடுவோம், அந்த நேரத்துல இருக்கற அக்கா ஒரே குத்துல எடுத்துடுவாங்க. பாப்பா அவங்களுக்கு மட்டும்தான் அழாம கையை நீட்டுவா, முடிஞ்சதும் பஞ்சை அவளே அழுத்திப் பிடிச்சுக்குவா.