மூடினால் தூங்க வேண்டும்

போன வாரம் எழும்பூரில் ரயில் ஏறும் அவசரத்தில் மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்தேன். காலையில் மதுரையில் பையைத் திறந்தால் இஸ்திரிப் பெட்டி மாதிரி அனல். 80 சதவீதம் இருந்த பேட்டரி 9-க்கு வந்திருந்தது. தம்பி மகளுக்கு வாங்கிய சாக்லேட் உறைக்குள்ளேயே உருகிக் கிடந்தது.

மூடினால் கணினி போகும் தூக்கம் இரண்டு வகை. பழைய எஸ்3 தூக்கத்தில் ராமுக்கு, அதாவது தற்காலிக நினைவகத்துக்கு, மட்டும்தான் மின்சாரம் போகும். புதிய கணினிகள் பலவற்றில் இருப்பது எஸ்0 அரைத்தூக்கம். போன் மாதிரி மெயில், அப்டேட் என்று அவ்வப்போது விழித்துக்கொள்ளும். காற்றுப் புகாத பைக்குள் விழித்தால் சூடு எங்கே போகும்?

மூடியது கணினிக்கு எப்படித் தெரிகிறது? மூடியில் ஒரு காந்தம், கீழே அதை உணரும் ஒரு சென்சார், அவ்வளவுதான் விஷயம். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை விசைப்பலகை ஓரமாக மெல்ல நகர்த்திப் பார்த்தேன். இடது பக்கம் ஓரிடத்தில் திரை சட்டென்று அணைந்தது. மேசையா பையா என்பது அந்தச் சென்சாருக்குத் தெரியாது. சரி, ஆனால் சார்ஜரோ வெளித்திரையோ செருகியிருக்கிறதா என்பது கணினிக்குத் தெரியுமே! லினக்ஸ் இயங்குதளத்தில் இதைக் கவனிக்கும் சிஸ்டம்டி என்ற மென்பொருள் இயல்பாகவே அப்படித்தான் நடக்கிறது: வெளித்திரை இருந்தால் மூடியதைக் கண்டுகொள்ளாது, இல்லாவிட்டால் தூங்கவைக்கும்.

பேட்டரியில் ஓடும்போது மூடினால் இடையில் விழிக்காத முழுத்தூக்கம் என்பதே எல்லாக் கணினியிலும் முதல் அமைப்பாக வர வேண்டும். நான் இப்போது ஹைபர்னேட் வைத்துவிட்டேன். ராமில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு அடியோடு அணைந்துவிடும். திறக்கும்போது கொஞ்சம் காத்திருக்கிறேன், பரவாயில்லை.