தோடம்பழம்

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். வேலை, முழங்கால் வலி என்று சாட்டுச் சொல்லித் தப்பி வந்தேன். போன மார்கழியில் மாஸ்டர் காலமாகிவிட்டார் என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபிறகு சாட்டு எதுவும் வாயில் வரவில்லை. எந்த மாஸ்டர் என்று கேட்பவர்கள் பக்கத்தைத் திருப்பலாம். நம் கல்லூரி உதைபந்தாட்ட மைதானத்தில் கால் வைத்தவர்களுக்கு ஒரு மாஸ்டர்தான்.

நான் இருப்பது இங்கிலாந்தில், லீட்ஸில். 1984இல் வந்து இறங்கியபோது இந்த ஊரைப்பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ஜாக் சார்ல்டன் விளையாடிய ஊர். அதுவும் மாஸ்டர் புண்ணியம். 1966இல் உலகக் கிண்ணம் வென்ற இங்கிலாந்து அணியின் படத்தைப் பத்திரிகையில் வெட்டிக் கணிதக் கொப்பிக்குள் வைத்திருந்தாரே, நினைவிருக்கும். நாங்கள் எல்லோரும் அதில் பொபி சார்ல்டனைத் தேடுவோம். மாஸ்டரின் விரல் அண்ணன்காரன் ஜாக் மேல் போய் நிற்கும்.

"இவன் பாக், பின்னுக்கு நிண்டு மறிக்கிறவன். கழுத்தைப் பார், ஒட்டகச்சிவிங்கி. தம்பி மாதிரி வடிவாய் விளையாடத் தெரியாது. ஆனா இவனைத் தாண்டிப் போய்ப் பாருங்கோ."

மாஸ்டரும் தன் காலத்தில் கல்லூரிக்குப் பாக் விளையாடியவர். முன்வரிசைக்காரன் மூன்று கோல் போட்டாலும் "ஓம், ஓம்" என்பதோடு சரி. பின்னுக்கு நிற்பவன் ஒரு பந்தை எல்லைக்கு வெளியே உதைத்துத் தள்ளினால் முகம் மலரும். "வெட்டி எறி. வடிவு பார்க்காதை." நாலு வருடம் நான் கேட்ட மந்திரம் இது.

என்னை முதலாம் அணிக்கு எடுத்த அன்று, உன்னைவிட நல்லாய் விளையாடுகிற பெடியன் இருக்கிறான், ஆனால் அவன் ஓரிடத்தில் நிற்கமாட்டான் என்று சொன்னார். பாராட்டா ஏச்சா என்று ஒரு கிழமை யோசித்தேன். ஜாக் சார்ல்டன் முதன்முதலாக இங்கிலாந்துக்கு ஆடியது 1965இல், முப்பதைத் தொடும் வயதில். ஏன் என்னை எடுத்தீர்கள் என்று பயிற்றுநர் அல்ஃப் ராம்சியிடம் கேட்டாராம். திறமானவர்களைப் பொறுக்குவதல்ல, என் ஆட்டத்துக்குப் பொருந்துகிறவர்களை எடுப்பதே என் வேலை என்ற கருத்தில் ராம்சி பதில் சொன்னாராம். இங்கே வந்தபிறகு இதை வாசித்தபோது ஒரு கிழமை யோசனைக்குப் பதில் கிடைத்தது.

சரி, 1979க்கு வருவோம். எதிரணி யார் என்று சொல்லத் தேவையில்லை. ஒன்றுக்கு ஒன்று. முடிய பதினைந்து நிமிடம்தான். உயரமாக வந்த பந்துக்கு நான் எழும்பினேன், என் கையும் கூடவே எழும்பிவிட்டது. பெனால்டி. கோல். மாஸ்டர் என்னை வெளியே கூப்பிட்டார். ஏசுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு போனேன். இடைவேளையில் மிஞ்சிய தோடம்பழத் துண்டுக் கூடையை நீட்டினார். "இதைப் பிடி. உன்ரை கைக்கு வேலை வேணும்தானே."

வேப்பமரத்தடியில் இருந்த அவ்வளவு பேரும் சிரித்தார்கள். மிச்சப் பதினைந்து நிமிடமும் கூடையோடு நின்றேன். அடுத்த இரண்டு ஆட்டத்துக்கும் என்னை எடுக்கவில்லை. அன்று ஒட்டிய பெயர்தான் இன்றும். ஒன்றுகூடலில், பேரப்பிள்ளை கண்ட ஒருவர் மேசைக்கு மேசை கேட்க "டேய் தோடம்பழம்!" என்று கூப்பிட்டதை என் மனைவி இன்னும் சொல்லிச் சிரிப்பாள்.

லீட்ஸுக்கு வந்து இரண்டு மூன்று வருடத்தில் 1966 ஆட்டங்களின் வீடியோ கசெற் ஒன்று கையில் கிடைத்தது. போர்த்துக்கலோடு அரையிறுதி. முடியச் சில நிமிடம் இருக்கும்போது கோலுக்குப் போகிற பந்தைக் கையால் தடுப்பவர் யார்? மாஸ்டரின் ஒட்டகச்சிவிங்கி. பெனால்டி, யூசேபியோ கோல். அந்தத் தொடரிலேயே இங்கிலாந்து வாங்கிய முதல் கோல் அது. இறுதி ஆட்டத்தின் 89ஆம் நிமிடம் ஃப்ரீ கிக் கொடுத்து ஜேர்மன்காரர் 2-2 ஆக்க வழிவிட்டவரும் இவர்தான். அவருக்கு யாரும் கூடை கொடுக்கவில்லை. மேலதிக நேரத்தில் இங்கிலாந்தின் ஹர்ஸ்ட் இரண்டு கோல் போட்டார், 4-2, கதை முடிந்தது. கசெற்றைத் திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்தேன். மாஸ்டருக்கு இது தெரியுமா, தெரிந்துகொண்டுதான் அந்த விரலை வைத்தாரா?

அதன்பிறகு சார்ல்டனை விடாமல் கவனித்தேன், கொஞ்சம் பழிவாங்கும் எண்ணத்தோடுதான். லீட்ஸுக்கு மட்டுமே 773 ஆட்டம். 1973இல் மிடில்ஸ்பரோவின் பயிற்றுநரானார், முதல் பருவத்திலேயே இரண்டாம் பிரிவில் முதலிடம். 1977இல் இங்கிலாந்து அணிப் பயிற்றுநர் பதவிக்கு விண்ணப்பித்தார். பதில் கடிதம்கூட வரவில்லை என்று பிறகும் சொல்லிக் குறைப்பட்டார். 1986இல் அயர்லாந்துக்காரர் கூப்பிட்டார்கள். இரண்டு வருடத்தில், ஸ்டுட்கார்ட்டில் 1-0 என்று இங்கிலாந்தையே வீழ்த்தினார். 1990இல் அயர்லாந்து உலகக் கிண்ணக் காலிறுதிக்கு வந்தது, தொண்ணூறு நிமிடத்தில் ஒரு வெற்றிகூட இல்லாமல். மூன்று சமநிலை, பிறகு ருமேனியாவோடு பெனால்டி உதை. பந்தைத் தூக்கி அடித்துவிட்டு ஓடுகிற அவலட்சண ஆட்டம் என்று இங்கே எழுதினார்கள். எனக்கு அது நம் மைதானம் மாதிரியே இருந்தது.

1994 ஐப்பசியில் மாஸ்டரின் கடிதம் வந்தது. யுத்தத்தால் ஊரில் மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை. "உன்ரை ஜாக் இத்தாலியையும் மடக்கிப்போட்டான். சைக்கிளைக் கவிழ்த்து வைச்சு டைனமோ சுத்தித்தான் ரேடியோ கேட்டனாங்கள். மக்ராத் எண்டவன் முழங்கால் ஏலாத நிலையிலயும் நிண்டு மறிச்சானாம். நீ பந்தடிக்கிறியோ? முழங்காலைக் கவனி." கடைசியில் ஒரு வரி: "அண்டைக்கு உன்னை விளையாட விட்டிருக்கலாம்."

நல்ல கடிதமாக எழுத வேண்டும் என்று லாச்சிக்குள் வைத்தேன். இரவு வேலை, பிள்ளைகள். அடுத்த ஐப்பசியில் சண்டையால் யாழ்ப்பாணச் சனம் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனது. அவர் எங்கே என்று தெரியவில்லை என்று பல வருடம் சொல்லிக்கொண்டேன். 2003இல் அவருடைய தொலைபேசி இலக்கமே கையில் இருந்தது. அப்போதும் எடுக்கவில்லை. பதில் போடாத இங்கிலாந்துக்காரரைச் சொல்லி என்ன!

2020 ஆடியில் ஜாக் இறந்தார், 85 வயது. ஒரு கிழமை கழித்து லீட்ஸ் 16 வருடத்தின் பின் பிரீமியர் லீக்குக்குத் திரும்பியது. கொரோனாவையும் பாராமல் லீட்ஸ் அணியின் மைதானமான எல்லண்ட் ரோட் வாசலில் சனம் கூடியது. நான் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்டருக்கு அப்போது எண்பது தாண்டியிருக்கும். அன்றாவது எடுத்திருக்கலாம்.

கட்டுரையோடு ஒரு படமும் வேண்டுமாம். 1979 அணிப் படத்தை அனுப்புகிறேன். பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவது நான். கையைப் பின்னுக்குக் கட்டச் சொன்னவர் மாஸ்டர்.