மார்ச் 25-க்கு முன்

2024 மார்ச் 3, ஞாயிறு

எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்துக்குப் பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். வழக்கமாக வரும் பையன் ஒருவன் வரவில்லை.

ஞாயிறு பள்ளி அறையில் வெள்ளை வேட்டியைக் கட்டி, 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்றாம் படத்தின் கடைசிப் பகுதியை மட்டும் காட்டினேன். கிறிஸ்துவுக்கு ஒப்பானவர் யார் என்று கேட்டதும் கைகள் உயர்ந்தன. மரித்து வெண்ணுடையில் திரும்பும் காண்டால்ஃப் தீர்க்கதரிசி, அழிக்கவேண்டிய தீய மோதிரத்தைப் பாரமாகச் சுமக்கும் ஃபுரோடோ ஆசாரியன், அரகார்ன் ராஜா என்று கரும்பலகையில் மூன்று பத்திகளாக எழுதி முடித்தபோது, பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை ஒருத்தி எழுந்து, "அண்ணா, மலைக்குள்ளே போய் நின்ற பிறகு, மோதிரம் என்னுடையது என்று ஃபுரோடோ சொல்லிவிடுகிறானே, அவன் தோற்றுத்தானே போனான்?" என்று கேட்டாள். பதில் வரவில்லை. ஜெபம் செய்து முடித்துவிட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

அவளுடைய கேள்வி என்னை விடவில்லை. இந்தக் கதை அடிப்படையில் சமயம் சார்ந்தது, கத்தோலிக்கப் படைப்பு என்று அதை எழுதிய டோல்கியன் 1953-இல் ஒரு கடிதத்தில் சொன்னார். ஆனாலும் கதைக்குள் கோவிலும் இல்லை, வழிபாடென்று சொல்லத்தக்கதும் அரிது. உருவகக் கதைகள் தமக்குப் பிடிக்காதவை என்றும் அவரே எழுதியிருக்கிறார். அப்படியிருக்க, ஒவ்வொரு பாத்திரத்தின் முகத்திலும் ஒரு வேதாகமப் பெயரை ஒட்டிவிட்டு அதையே ஊழியம் என்று இத்தனை வருடம் எண்ணியிருந்தேனே என்பது மனதை வருத்துகிறது.

மார்ச் 6, புதன்

ஐக்கியத்தின் பணம் பதினோராயிரம் ரூபாய் அவனிடம். அவன் போனை எடுக்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

சினிமாவை ஆலய வளாகத்துக்குள் கொண்டுவரலாமா என்று சபைக் காரியங்களை நடத்தும் சேகரக் கமிட்டியில் பெரியவர் ஒருவர் கேட்டார். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. பிள்ளைகளை இழந்துவிடுவோமோ என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் நம் திருநெல்வேலியில் பிறந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார், ஊர் ஊராக ஆடிப் பாடிய குறவஞ்சியை எடுத்துத்தானே 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார்? குற்றாலநாதர் மேல் பாடிய அதே வடிவத்தில், குறத்தி குறி சொல்ல, கிறிஸ்துவின்மேல் காதல்கொண்ட தலைவியை நிறுத்தினார். பவுலும் மார்ஸ் மேடையில் அத்தேனே பட்டணத்தாரின் புலவர்களை மேற்கோள் காட்டினார். அவர்கள் தங்கள் காலத்துப் பாட்டை உள்ளபடி கேட்டுவிட்டுப் பேசினார்கள். நான் பாதியிலேயே பதில் எழுதுகிறவன்.

பணத்தைப் பற்றியும் பேசினார்கள். ஐக்கியத்திலிருந்து அவனை நீக்குவதா என்பதை 24-ஆம் தேதி முடிவு செய்வார்களாம். அவனுக்காக நான் பேசுவேன்.

மார்ச் 13, புதன்

அவனுடைய அம்மாவை ரேஷன் கடை வரிசையில் பார்த்தேன். பையின் காதை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே, "போன்ல அந்த ரம்மி ஆப்பை அழிச்சிட்டான் தம்பி, மறுபடியும் ஏத்திட்டான், மறுபடியும் அழிச்சிட்டான்" என்றார்கள். அதற்குமேல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

இன்று கரும்பலகையைத் தொடவில்லை. ஆமாம், ஃபுரோடோ தோற்றான் என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். டோல்கியனும் தம் கடிதங்களில் அதை மறைக்கவில்லை. "நன்மைசெய்யவேண்டுமென்கிற விருப்பம் என்னிடத்திலிருக்கிறது, நன்மைசெய்வதோ என்னிடத்திலில்லை" என்று ரோமர் ஏழாம் அதிகாரத்தை வாசித்தோம். பிறகு, அந்த மோதிரத்துக்கு அடிமையாகிக் கெட்டுப்போன கொல்லம் என்பவனைப் பற்றிப் பேசினோம். ஃபுரோடோவுக்கு முன் மோதிரத்தை வைத்திருந்த பில்போ அவனைக் கொல்லாமல் விட்டான், ஃபுரோடோ விட்டான், அவனை வெறுத்த, ஃபுரோடோவின் தோழன் சாம்கூடக் கடைசியில் விட்டுவிட்டான். படத்தில் ஃபுரோடோவோடு மல்லுக்கட்டி விழுகிறான்; புத்தகத்திலோ மோதிரத்தைப் பறித்துக்கொண்டு ஆனந்தக் கூத்தாடியபடியே தானாகக் கால் இடறி விழுகிறான். எப்படியானாலும், பல பேர் இரங்கி உயிரோடு விட்டுவைத்த அந்த ஒருவன் இல்லாவிட்டால் மோதிரம் அழிந்திருக்காது. "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற வரியைச் சொன்னபோது என் குரல் தடுமாறியது. பிள்ளைகள் அவன் வழக்கமாக உட்காரும் ஜன்னலோர இடத்தைப் பார்த்தார்கள்.

மார்ச் 21, வியாழன்

தூக்கமில்லை.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

நான் பேசவில்லை. கைகள் உயர்ந்தபோது மடியிலிருந்த குருத்தோலையை மடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 25, திங்கள்

கதையில் மோதிரம் அழிவது இந்தத் தேதியில்தான். தேவதூதன் மரியாளுக்கு வாழ்த்துரைத்த நாளும் இதுவே. ஆண்டவர் சிலுவையில் மரித்ததும் மார்ச் 25 என்பது சபையின் பழைய மரபு. டோல்கியன் அதைக் கதைக்குள் எங்கும் விளக்கவில்லை, தேதியை மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மாலையில் அவன் வீட்டுக்குப் போனேன். நேற்று நான் வாய் திறக்கவில்லை என்று முதலில் சொன்னேன். அவன் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தெரியும் அண்ணா, அம்மா சொன்னாங்க" என்றான். கொண்டுபோயிருந்த டோல்கியன் புத்தகத்தின் மூன்றாம் பாகத்தை வாங்கிக்கொண்டான். நாளை ஏழு மணிக்குப் பெரிய வெள்ளிப் பாடல் ஒத்திகை. அவனையும் வரச் சொல்லியிருக்கிறேன்.