நாலு தேங்காயும் ஒரு பொருக்குத் தலையும்

முதலில் அதைக் காய்ந்த சோற்றுப் பருக்கை என்றுதான் நினைத்தேன். மகனை மடியில் போட்டுக்கொண்டே சாப்பிடுகிற காலம் அது. அவன் தலையில் ரசம் சொட்டியதெல்லாம் உண்டு. பிறந்து 25 நாள் ஆகியிருந்தது. லேசாகச் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. சன்னல் பக்கம் தூக்கிக்கொண்டு போய் வெளிச்சத்தில் பார்த்தால், உச்சிக்குழியைச் சுற்றி மஞ்சளாக, பிசுக்கோடு, ஆறிய பாலில் ஆடை படிந்ததுபோல ஒரு படலம். முன்நெற்றியில் அது செதில் செதிலாக எழும்பி நின்றது. புருவத்திலும் கொஞ்சம்.

பேறுகால விடுப்பில் நாகர்கோவிலில் அம்மா வீட்டில் இருந்தேன். ஆச்சிக்கு வயது 81, கண் மங்கல். ஆனாலும் தடவிப் பார்த்தே சொல்லிவிட்டாள்: "மக்களே, பிள்ளைக்குப் பொருக்கு கட்டியிருக்குலா. தலையை ஒழுங்காத் தேய்க்கல்லியோ?"

அந்தக் கடைசிக் கேள்விதான் குத்தியது. தையல் ஆறாத உடம்பு, தூக்கம் கெட்ட கண்கள், அதோடு பிள்ளையை அழுக்காக வைத்திருக்கிறேன் என்ற பேச்சும் வேறு. குளிப்பாட்ட வருகிற அக்காவுக்கும் கோபம் வந்துவிட்டது. நீட்டிய காலில் பிள்ளையைக் குப்புறப் போட்டு அவள் குளிப்பாட்டுகிற அழகைப் பார்த்திருந்தால் யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் கவனித்துப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. உடம்பெல்லாம் அழுத்தித் தேய்க்கிற கை, உச்சிக்குழி வந்ததும் மேலோட்டமாகப் போய்விடுகிறது. எலும்பு கூடாத இடம், அழுத்தினால் என்ன ஆகுமோ என்ற பயம். எனக்கும் அதே பயம். அந்த இடத்தில் மட்டும் தினமும் எண்ணெய் ஊறுகிறது, ஆனால் சரியாகக் கழுவப்படுவதில்லை.

அடுத்த இரண்டு நாளில் ஆலோசனைகள் குவிந்தன. கோபிசெட்டிபாளையத்திலிருந்து மாமியார்: "வெளக்கெண்ணெ ஒரு சொட்டு உச்சியில வெச்சு உடு கண்ணு, சூடு எறங்கிப் போயிரும்." மாடி வீட்டு அக்கா தயிரில் எலுமிச்சை பிழிந்து பூசச் சொன்னாள். துபாயில் இருக்கும் சித்தி மகள் டீ ட்ரீ ஆயில். அலுவலகத் தோழி ஆலிவ் எண்ணெய். வாட்ஸப்பில் யாரோ ஆப்ப சோடாவைக் குழைத்துத் தடவச் சொல்லி ஒரு வீடியோவே அனுப்பியிருந்தார்கள். குளிப்பாட்டுகிற அக்கா, "உன் பாலையே தடவு, அதைவிட மருந்து உண்டா" என்றாள். அதில் ஆபத்து எதுவும் தெரியாததால் அதைச் செய்து பார்த்தேன். சாயங்காலம் பிள்ளை தலையில் புளித்த மோர் வாடை. பொருக்கு அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் ராத்திரி ஒரு தப்பு செய்தேன். அவன் தூங்கும்போது, விளிம்பில் எழும்பியிருந்த ஒரு செதிலை நகத்தால் மெதுவாக உரித்தேன். அது வந்த வேகத்தில் ஒரு திருப்தி. (புண்ணின் பொருக்கை உரித்தவர்களுக்கு அந்தத் திருப்தி தெரியும்.) அடுத்ததையும் உரித்தேன். மூன்றாவதில் நாலைந்து முடியும் சேர்ந்து வந்து, அடியில் ஒரு துளி ரத்தம் துளிர்த்தது. அவன் அழக்கூட இல்லை. நான்தான் விடியும்வரை அழுதேன்.

காலையில் குழந்தை மருத்துவரிடம் ஓடினோம். அவர் அரை நிமிடம் பார்த்தார். "கிரேடில் கேப். பயப்பட ஒன்றுமில்லை" என்றார். எனக்கு அந்த அரை நிமிடம் போதவில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்டேன். பொறுமையான மனிதர், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். இது அழுக்கால் வருவதில்லை. ஒட்டுவாரொட்டியும் இல்லை. வயிற்றில் இருக்கும்போது தாயிடமிருந்து போன ஹார்மோன்களின் மிச்சத்தால் பிள்ளையின் தோலில் எண்ணெய்ச் சுரப்பி அதிகமாக வேலை செய்கிறது என்பது ஒரு காரணம். எல்லார் தோலிலும் சாதாரணமாகவே வாழ்கிற மலசீசியா என்ற ஒருவகைப் பூஞ்சைக்கு அந்த எண்ணெய்தான் தீனி. உதிர வேண்டிய தோல் உதிராமல் அந்தப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு அடுக்கடுக்காகப் படிகிறது. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் வரும், ஒரு வயதுக்குள் தானாகப் போய்விடும். பிள்ளைக்கு அரிக்காது, வலிக்காது. "இதனால் கஷ்டப்படுவது அம்மாக்கள் மட்டும்தான்" என்றார்.

முடி போய்விடுமா என்று கேட்டேன். செதிலோடு வந்த முடி திரும்ப முளைக்கும், ஆனால் நகம் வைக்கக் கூடாது, தோல் கிழிந்தால் கிருமி உள்ளே போகும் என்றார். உச்சிக்குழியைப் பற்றியும் கேட்டேன். அதற்கு மேல் கெட்டியான சவ்வு இருக்கிறது, மெதுவாகத் தேய்ப்பதால் ஒன்றும் ஆகாது என்று என் விரலைப் பிடித்து அவரே தேய்த்துக் காட்டினார். அந்தக் குழி மூட ஒன்று, ஒன்றரை வயதாகும். அதுவரை அங்கே கையே படாமல் இருந்தால் எப்படி?

எண்ணெய் வைக்கலாமா என்று கேட்டதற்குத்தான் எனக்கு உண்மையில் வேண்டிய பதில் கிடைத்தது. "வையுங்கள். ஆனால் எண்ணெய் கூலியாள் மாதிரி. வேலை முடிந்ததும் அனுப்பிவிட வேண்டும். நீங்கள் எல்லாரும் அதை வீட்டிலேயே குடிவைத்து விடுகிறீர்கள்."

செதிலை ஊறவைத்து இளக்குவது மட்டும்தான் எண்ணெயின் வேலை. இளகியதும் கழுவி எடுத்துவிட வேண்டும். தலையிலேயே விட்டால் பழைய பிசுக்கோடு புதுப் பிசுக்கும் சேரும், பூஞ்சைக்கும் கொண்டாட்டம். நாங்கள் 25 நாளும் செய்தது அதைத்தான். காலையில் குளிக்கும் முன் ஒரு கை, குளித்தபின் "உச்சி குளிர" இன்னொரு கை.

வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் சொன்னதும், எண்ணெய் வைக்கலாம் என்ற பாதி மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. "கடை எண்ணெய் வேண்டாம். உருக்கெண்ணெய் காய்ச்சுவோம்" என்றாள். ஈத்தாமொழியில் இருக்கும் பெரியம்மா வீட்டிலிருந்து தேங்காய் வந்தது. ஈத்தாமொழி நெட்டைத் தேங்காய்க்குப் புவிசார் குறியீடே உண்டு. எங்கள் பக்கத்து ஆட்கள் அதை யாரிடமாவது சொல்லாமல் விடமாட்டார்கள், நானும் சொல்லிவிட்டேன். நாலு முற்றின தேங்காய். அம்மா திருவினாள். கொஞ்சம் வெந்நீர் தெளித்து, அரைத்து, துணியில் கட்டிப் பிழிந்து பால் எடுத்தாள். ஆச்சி பரணிலிருந்து உருளியை இறக்கச் சொன்னாள். அடுப்பைச் சிறு தீயில் வைத்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைவிடாமல் கிளறினாள். முதல் அரை மணி நேரம் ஒன்றுமே நடக்காது. பால் கொதிக்கும், சுண்டும், திரியும். பிறகு கசடு பிரிந்து திப்பி திப்பியாகி, ஓரத்தில் எண்ணெய் கண்ணைத் திறக்கும். கசடு பொன்னிறம் தாண்டிச் சிவக்கிற நேரத்தில் இறக்க வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தால் கருகல் வாடை ஏறிவிடும். வீடு முழுக்க அப்போது வந்த மணத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

ஆச்சி இரண்டு மிளகைத் தட்டிப் போடப் போனாள், சளிக்கு நல்லதாம். தடுத்துவிட்டேன். துளசியும் வேண்டாம் என்றேன். பச்சை இலையில் ஈரம் இருந்தால் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும் என்று சொன்னதும் ஒத்துக்கொண்டாள். நாலு தேங்காய்க்கு ஒரு டம்ளர் எண்ணெய்கூடத் தேறவில்லை. கசடில் கருப்பட்டி சீவிப் போட்டு நானும் தம்பியும் தின்று தீர்த்தோம்.

இந்த எண்ணெயில் கடைத் தேங்காய் எண்ணெயில் இல்லாத மாயம் ஏதும் இருக்கிறதா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். வாசனை சேர்க்காத, செக்கில் ஆட்டிய சுத்தமான தேங்காய் எண்ணெயும் இதே வேலையைச் செய்திருக்கும். ஆனால் அந்த மூன்று மணி நேரம் வீட்டில் யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. எல்லாரும் உருளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு நாங்கள் செய்தது இதுதான். குளிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் அரைத் தேக்கரண்டி எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, பொருக்கு உள்ள இடத்தில் மட்டும் வைப்போம். முதல் நாள் முழங்கை மடிப்பில் ஒரு துளி தடவி, சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். ஊறியதும் குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் மெதுவாக வருடுவேன். கிடைக்காவிட்டால் மெல்லிய மல் துணியும் போதும். வந்த செதிலைத் துணியில் துடைத்துக்கொண்டே போவேன், வராததை விட்டுவிடுவேன். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீர், வாசனை இல்லாத குழந்தை ஷாம்பு இரண்டு துளி, விரல் நுனியால் தேய்த்து, பிசுக்குப் போகிறவரை அலசல். குளித்தபின் எண்ணெய் கிடையாது. இதில்தான் ஆச்சியோடு தினமும் வழக்கு. நான் அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் ஒரு சொட்டு வைத்துவிடுவாள். வாடையை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன்.

ஷாம்புவுக்குப் பதில் பயத்தமாவும் ஒரு நாள் போட்டுப் பார்த்தோம். எவ்வளவு சலித்தாலும் நுண்ணிய துகள் செதிலுக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டு, காய்ந்ததும் பொருக்கு இரண்டு மடங்காகத் தெரிந்தது. உடம்புக்குச் சரி, இந்தத் தலைக்குச் சரிப்படவில்லை.

மற்ற ஆலோசனைகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. விளக்கெண்ணெய் கெடுதல் இல்லை, ஆனால் அந்தக் கெட்டிக்கு இரண்டு தடவை ஷாம்பு போட வேண்டியிருக்கும். மாமியாரிடம் "வெச்சேங்க அத்தை" என்று ஒரு பொய் சொன்னேன். ஆலிவ் எண்ணெய் தோலின் மேல்தடுப்பை இளக்கிவிடுகிறது என்பதால் இப்போது பல நாடுகளில் மருத்துவர்கள் அதைக் குழந்தைகளுக்குச் சொல்வதில்லை. எலுமிச்சையும் ஆப்ப சோடாவும் பிஞ்சுத் தோலை எரிக்கும். டீ ட்ரீ போன்ற காரமான தைலங்கள் இந்த வயதுக்கு ஆகாது. பச்சைக் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை யாராவது கொடுத்தால் வாங்கவே வேண்டாம். கற்பூரம் சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பு வரவழைக்கக் கூடியது.

வேப்பெண்ணெய் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அதன் மேல் அளவில்லாத நம்பிக்கை. மலேசியாவில் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் வாந்தி, வலிப்பு, மயக்கம் என்று மருத்துவமனைக்கு வந்ததை 1981இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. அது உள்ளுக்குக் கொடுத்தது, தலையில் தடவியது இல்லை. ஆனால் தலையில் தடவியது கைக்கு வரும், கை வாய்க்குப் போகும். மூன்று மாதப் பிள்ளையின் கை வேறு எங்கே போகும்?

சாம்பிராணிதான் பெரிய போராட்டம். குளித்த தலையைப் புகையில் காட்டினால் பொருக்கு காய்ந்து உதிரும் என்பது ஆச்சியின் கட்சி. புகை சின்ன நுரையீரலுக்குக் கெடுதல் என்பது மருத்துவரின் கட்சி. கடைசியில் சாம்பிராணி பூசையறைக்குப் போனது, அதுவும் பிள்ளை வாசலில் இருக்கும்போது மட்டும்.

பத்து நாளில் உச்சியில் இருந்த தடித்த படலம் போய்விட்டது. பிறகு வாரம் இரண்டு முறை மட்டும் எண்ணெய். நடுவில் மூன்றாம் மாதத்தில் திரும்ப லேசாகப் படிந்தது, திரும்பப் போனது. அப்போது எனக்குப் பதற்றம் வரவில்லை. ஐந்தாம் மாத முடிவில் தலை சுத்தம்.

எல்லாருக்கும் இப்படியே முடிவதில்லை. என் பள்ளித் தோழியின் மகளுக்கும் இதேபோலத்தான் ஆரம்பித்தது. ஆனால் காதின் பின்னால், கழுத்து மடிப்பு, தொடை இடுக்கு என்று சிவந்து பரவி, நீர் கசிந்தது. அவள் என்னிடம் உருக்கெண்ணெய் கேட்டாள். நான் கொடுக்கவில்லை, மருத்துவரிடம் போகச் சொன்னேன். ஒரு களிம்பு எழுதிக்கொடுத்தார், ஒரு வாரத்தில் அடங்கியது. கசிவு, நாற்றம், ரத்தம், வீக்கம், பிள்ளை சொறிந்துகொண்டு தூங்காமல் இருப்பது, காய்ச்சல் என்று ஏதாவது இருந்தால் அங்கே வீட்டு வைத்தியத்துக்கு வேலை இல்லை. பெரியவர்கள் போடுகிற பொடுகு ஷாம்புவையும் மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது.

பதினோராம் மாதம் குலதெய்வக் கோயிலில் மொட்டை. மாமன் மடியில் உட்கார வைத்து, தண்ணீர் தொட்டு, சந்தனம் பூசியாயிற்று. பளபளவென்று இருந்த தலையை ஆச்சி தடவிப் பார்த்தாள். ஒரு செதில் இல்லை. "பாத்தியா மக்களே, மொட்டை போட்டதும் பொருக்கெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல்ல" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மிச்ச எண்ணெய் இப்போதும் சென்னையில் எங்கள் ஃப்ரிட்ஜில், ஹார்லிக்ஸ் பாட்டிலின் அடியில் வெண்ணெய்போல் உறைந்து கிடக்கிறது. ராத்திரி மகன் தூங்கியபின் அதில் ஒரு விரல் எடுத்து என் குதிகால் வெடிப்பில் தடவிக்கொள்கிறேன்.