‘கோ’ ஓர் எழுத்தா, இரண்டா?

“அது வேற பிரச்சினைம்மா” என்று, உடன் வேலை செய்த ஒரு பெண்ணின் கேள்விக்கு நான் அன்று சொன்ன பதிலில் பிழையில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் அது மனத்தை விட்டு அகல மறுக்கிறது.

மண்ணடி வணிகர் ஒருவருடைய குடும்பத்தின் பழைய பேரேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை அது. முந்திரி, காணி, மா என்று பின்னக் குறிகள் நிறைந்த ஏடுகள். ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் ஒரு குறியெண் தரும் யூனிகோட் தரத்தின் 12.0 பதிப்பு 2019-இல் அக்குறிகளைச் சேர்த்திருந்ததால் அவற்றை அப்படியே உள்ளிட்டோம். நாங்கள் நிரல் எழுதிய மொழியான பைத்தான் 2.7, எங்கள் விண்டோஸ் கணினிகளில் குறுகிய பில்டாகவும் (பில்டு என்பது மென்பொருளைத் தொகுத்த விதம்) உபுண்டு சர்வரில் அகன்ற பில்டாகவும் இருந்தது. ஒரே அலகாக வைத்துக்கொள்ளக்கூடிய குறியெண்ணின் உச்சம் முன்னதற்கு 65535, பின்னதற்கு 1114111; அந்த உச்சத்தைத் தாண்டிய குறியைக் குறுகிய பில்டு இரண்டு பாதிகளாக வைத்துக்கொள்ளும். வழக்கமான தமிழ் எழுத்துகள் அனைத்தும் 65535-க்குள் அடங்கிவிடுவதால் அந்த வேறுபாடு அதுவரை எங்கள் கண்ணில் படவேயில்லை. பின்னக் குறிகளோ அந்த எல்லைக்கு அப்பால் இருப்பவை. 1/320-ஐக் குறிக்கும் முந்திரியின் நீளம் சர்வரில் 1, விண்டோஸில் 2. அட்டவணையின் விவரப் பத்தியை 40 என்ற நீளத்தில் வெட்டியபோது குறி பாதியாக அறுபட, அந்தப் பாதியையும் பைத்தான் 2 மறுப்பின்றி யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு வடிவில் எழுதிக் கொடுக்க, டேட்டாபேஸ் அதை ஏற்க மறுத்தது.

வெட்டும் வேலை முழுவதையும் சர்வருக்கு மாற்றுமாறு சொன்னேன். சர்வர் எண்ணுவதுதான் சரி என்றும் சொன்னேன். அப்போதுதான் காசிமேட்டிலிருந்து வரும் அந்தப் பெண் கேட்டாள்: “அண்ணா, அது சரின்னா, ‘கோ’வுக்கு ஏன் ரெண்டுன்னு சொல்லுது?”

ககரமும் ஓகாரக் குறியும் தனித்தனிக் குறியெண்கள் என்பதால் எந்த பில்டிலும் விடை இரண்டுதான். பில்டைச் சரிசெய்து தீர்க்கக்கூடியது அன்று அது. ஆகவே வேறு பிரச்சினை என்றது உண்மையே. ஆனால் அவள் கேட்டது பில்டைப் பற்றியா? நாற்பதாவது இடத்தில் ‘கோ’ விழுந்தால் ‘க’ மட்டும் எஞ்சும். ‘கோபால்’ என்ற பெயர் வெறும் ‘க’ என்று முடியும். டேட்டாபேஸ் அதற்கு ஒரு முறையும் முரண்டு பிடிக்காது. பாதி முந்திரியாவது கூச்சலிட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்தது. எழுத்தெல்லை பார்த்து வெட்டலாம் என்று அவள் சொன்னதை, ஒப்படைக்கும் நாள் நெருங்கிவிட்டது என்று தள்ளிவைத்தேன். நாள் நெருங்கியிருந்தது என்பதும் பொய்யில்லை.

குறுகிய, அகன்ற பில்டு என்ற பாகுபாடே பைத்தான் 3.3-இல், 2012-லேயே, ஒழிந்துவிட்டது. பிற்பாடு நாங்களும் மாறினோம். முந்திரி இப்போது எல்லாக் கணினியிலும் 1 தான். ‘கோ’ இன்னும் 2. வெட்டும் அந்த வரியை நான் இன்றுவரை தொடவில்லை.